நிலத்தை முதலில் வாங்குங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் பெரியவர் ஒருவர் பூங்காவுக்காகத் தன் நிலத்தைத் தானமாகத் தர முன்வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒத்திவைக்கிறார்கள். "வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறோம். குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீரா?" என்கிறார் ஒரு கவுன்சிலர். அவர் சொல்வதும் நியாயம்தானே?
(தர்மபுரி மாவட்ட வாசகர்)

பதில்: இல்லை. தண்ணீர் விடுவது பேரூராட்சியின் அன்றாட வேலை. நிலத்தை ஏற்பது ஒரே ஒரு தீர்மானம். அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்பதையே இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போடக் காரணமாகச் சொல்வதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஒத்திவைக்க நேரமும் இல்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-வது பிரிவுப்படி, கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் நிலையிலும் இருக்கும்போதே தானத்தை ஏற்றுக்கொண்டாக வேண்டும். நிலம் என்பதால் இரண்டு சாட்சிகளோடு பத்திரம் பதிவாகவும் வேண்டும். வாய்வார்த்தையும் மேடையில் போட்ட சால்வையும் செல்லாது. பெரியவருக்கு ஏதாவது ஆகி, வாரிசுகள் மனம் மாறினால் ஊருக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் மனை போட்டு விற்றவராக இருந்து, இந்த இடமும் அந்த மனைப்பிரிவுக்குள் இருந்தால் கதை வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். சட்டப்படி தர வேண்டியதைத் தருபவருக்குக் கல்வெட்டும் பாராட்டும் எதற்கு? சொந்த நிலத்தை மனதாரத் தருகிறார் என்றால், அவர் விரும்பினால் அவர் அப்பா பெயரைப் பூங்காவுக்குத் தாராளமாக வைக்கலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பூங்காவுக்கு ஒகேனக்கல் தண்ணீரை யார் கேட்டார்கள்? நம் பக்கத்துப் பாறையில் இருக்கும் புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கறையாக்கியது, எலும்பை வளைத்தது. காய்ச்சினாலும் புளோரைடு போகாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூடச் செடிக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் புங்கனும் வேம்பும் வைத்தால், வேர் பிடிக்கும் முதல் இரண்டு மூன்று கோடைக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்க உதவாத போர் தண்ணீரே அதற்குப் போதும். புல்தரையும் செயற்கை நீரூற்றும் வேண்டாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். மழைநீர் இறங்க நாலு குழி வெட்டினால், அந்த நிலம் பூமிக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும்.

உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உங்கள் ஊருக்கு என்று ஒதுக்கிய ஒகேனக்கல் தண்ணீர் எவ்வளவு, தொட்டிக்கு வந்து சேருவது எவ்வளவு? போதவில்லை என்று மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலக்கிறார்களா? இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் அந்தப் புகார் உண்டு. கலந்தால் எதை ஒழிக்க இத்தனை கோடி செலவழித்தார்களோ, அதே புளோரைடு மறுபடியும் குழந்தைகளின் டம்ளருக்கு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. குழாய்த் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அளவு என்ன வந்தது? கூழுக்காகக் கவலைப்படும் கவுன்சிலர் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பூங்காவை நிறுத்தியதால் எந்தத் தெருவுக்காவது கூடுதலாக ஒரு குடம் வந்ததா?

தண்ணீர்க் கணக்கையும், ஒத்திவைத்த கூட்டங்களின் தீர்மான நகல்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்புறம், பெரியவரிடம் பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பூங்கா தவிர வேறு எதற்கும், வணிக வளாகத்துக்கோ வாகன நிறுத்தத்துக்கோ, இந்த இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பே அவருடைய சம்மதக் கடிதத்தைச் செயல் அலுவலரிடம் நேரில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள்.