பௌத்தத்தில் முதலில் வளர்க்க வேண்டியது கருணையா, ஞானமா?

இரண்டையும் சேர்த்துத்தான். பறவையின் இரண்டு சிறகுகள் போல என்று பௌத்தத்தின் பெரும் பிரிவுகளில் ஒன்றான மகாயான மரபில் சொல்வார்கள். நடைமுறையில் அது எப்படி என்பதுதான் கடினம்.

எங்கள் காரைக்குடிப் பக்கம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் சாப்பாடு போடுவார்கள். நானும் பரிமாறியிருக்கிறேன். காலில் கொப்புளத்தோடு ஒருவர் வந்து உட்காரும்போது மனசு இளகுகிறதே, அதுதான் கருணையின் விதை. அடுத்த நொடியே ‘நான் கொடுக்கிறேன்’ என்ற நினைப்பும் தலைதூக்கும். மகாயானம் இங்கேதான் ஞானத்தைச் சேர்க்கிறது. கொடுப்பவர், வாங்குபவர், கொடுக்கும் பொருள் மூன்றுமே தனித்து நிற்பவை அல்ல, ஒன்றைச் சார்ந்தே ஒன்று இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. அரிசி யாரோ விளைவித்தது. பசித்தவர் வராவிட்டால் கொடுப்பவர் என்று ஒருவரே இல்லை. பரிமாறிக்கொண்டே இதை நினைத்துப் பாருங்கள், கை லேசாகிவிடும்.

இன்னொன்று. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் எழுதிய விசுத்திமார்க்கம் என்ற நூல், கருணைக்கு மிக அருகில் இருக்கும் பகை துயரம் என்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிறர் வலியில் நாமே மூழ்கிவிட்டால் உதவ முடியாது. அப்படி ஆனால் சற்று உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். அப்புறம் சாம்பார் வாளியை எடுங்கள்.