கேளுங்கள், சொல்கிறோம்: வடிகான் முதல் மகஜர் வரை

காலநிலைச் செயற்பாட்டில் இறங்கியுள்ள கொழும்பு இளையோர் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாதம் ஒருமுறை குப்பை பொறுக்குகிறோம். முதல் மாதம் நாற்பது பேர் வந்தார்கள். இப்போது ஆறு பேர்தான். எப்படித் தொடர்ந்து கொண்டுபோவது?
*உயர்தர மாணவி, வெள்ளவத்தை*

ஆறு பேர் போதும். மற்றவர்கள் வராமல் போனதற்குச் சோம்பலைக் காரணம் சொல்லாதீர்கள். பொறுக்கிய இடத்தில் அடுத்த மழைக்கே குப்பை வந்து கிடந்தால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். வீதி வடிகானில் விழுவது கால்வாய்க்குப் போகிறது, கால்வாயில் இருந்து கடலுக்கு வருகிறது. வடிகான் அடைபட்டால் ஒரு மணி நேர மழைக்கே வீதியில் தண்ணீர் நிற்கும். புவி சூடாகும்போது குறுகிய நேரத்தில் கொட்டும் கனமழை கூடும் என்பதால் இது காலநிலைப் பிரச்சினையும்தான். ஆகவே கரையில் செலவழிக்கும் உழைப்பில் பாதியை மேட்டுப்பக்கம் திருப்புங்கள். ஒரு அலுவலகம் “ஆம்” அல்லது “இல்லை” என்று பதில் சொல்லக்கூடிய ஒரேயொரு கோரிக்கையை எடுங்கள். உதாரணமாக: “இந்த மூன்று வீதிகளின் வடிகான்களும் மே மாதத்துக்கு முன் ஒருமுறை, ஒக்டோபருக்கு முன் ஒருமுறை துப்புரவாக்கப்பட வேண்டும்.”

முதலில் ஆதாரம் சேருங்கள். வீதியின் ஒரு முனையிலிருந்து நடந்து, தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு வாய்க்கும் இலக்கமிடுங்கள். ஒவ்வொன்றையும் மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள். அடி அளவு குறித்த ஒரு தடியைப் பக்கத்தில் நிறுத்தினால் மண் எவ்வளவு உயரம் படிந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரியும். கொங்கிரீட் மூடியைத் தூக்க வேண்டாம். வெறுங்கையால் சேற்றைத் தொடவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். பலர் தவறவிடும் ஒன்று: வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த திகதியும் இடமும் கோப்பிலிருந்து நீங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலப்படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது, அது யாருடைய வடிகான் என்பது. உள்வீதி மாநகர சபையிடம் இருக்கும், பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கலாம், பெரிய கால்வாய்களை இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பார்க்கிறது. தவறான கதவைத் தட்டினால் “எங்களுடையதல்ல” என்ற பதிலோடு மாதங்கள் போய்விடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “ஏன் வெள்ளம் வருகிறது?” என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. கையிலுள்ள பதிவுகளைத் தருவதுதான் அவர்கள் கடமை, விளக்கம் எழுதுவதல்ல. “2024 ஜனவரி முதல் இந்த வீதி வடிகான் துப்புரவாக்கப்பட்ட திகதிகள், ஒதுக்கிய தொகை, செலவான தொகை” என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நாள் கணக்கு பிசகுவது பெரும்பாலும் அதனால்தான்.

இவையெல்லாம் கையில் வந்த பிறகு மகஜர் எழுதுங்கள். ஒரே தாளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். வெள்ளம் வந்தால் வீதியில் எல்லார் வீட்டுக்கும்தான் வருகிறது, எல்லார் கையெழுத்தும் இருக்கட்டும். கடற்கரைத் துப்புரவை விட்டுவிடவும் வேண்டாம், புதியவர்கள் உங்களிடம் வந்து சேரும் வாசல் அதுதான்.

உலகம் வெளியிடும் வாயுக்களில் இலங்கையின் பங்கு மிகச் சிறியது. நாங்கள் கத்தி என்ன பயன்?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

பங்கு சிறியதுதான், ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனாலேயே இங்குள்ள இளையோரின் முதல் கோரிக்கை வெள்ளத்திலிருந்து மக்களைப் பாதுகாப்பது பற்றியதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தச் சதுப்புகள்தான் மழைவெள்ளத்தைத் தாங்கி வைக்கின்றன, அவற்றை நிரப்பும் ஒவ்வொரு லொறி மண்ணும் தாழ்ந்த பகுதி வீடுகளுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டமானால் அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும், கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அறிவித்தலைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள், நாள் கடந்த பின் எழுதிய கடிதத்துக்குப் பலம் குறைவு.

உங்கள் பகுதிக்கு இன்னொன்று. களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். இந்த இலக்கங்களைத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு பேராவது வேண்டும். சிங்களத்தில் எச்சரிக்கை வரும் அதே நேரத்தில் தமிழிலும் வர வேண்டும் என்று கேளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலைக் கண்ட பிறகு இதற்கு மேலும் காத்திருக்க நியாயமில்லை.

ஊர்வலம் போக பொலிஸ் அனுமதி வேண்டுமா?
*பல்கலைக்கழக மாணவர், தெஹிவளை*

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, புறப்படும் இடத்துக்கு அண்மையிலுள்ள நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சட்டம் ஆறு மணித்தியாலம் என்றாலும் நாலைந்து நாட்களுக்கு முன்பே கொடுங்கள், பாதையை மாற்றச் சொன்னால் பேச நேரம் இருக்கும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. பூங்காவில் கூடுவதானால் அதை நிர்வகிக்கும் நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். பொலிஸ் முத்திரையிட்ட அறிவித்தல் பிரதியை இரண்டு பேர் கையில் வைத்திருக்கட்டும். அதிபரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பாடசாலைச் சீருடையில் யாரும் வர வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

ஒரு பான நிறுவனம் ரீசேர்ட்டும் பணமும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?
*இளைஞர் குழு, தெமட்டகொடை*

நீங்கள் பொறுக்குவது அவர்களுடைய போத்தலானால் வேண்டாம். கையுறை, சாக்கு, தேநீர் ஆகியவற்றை வீதிக் கடைக்காரர்களிடம் பொருளாகவே கேளுங்கள். பணம் வந்தால் இருவர் கையெழுத்தில்லாமல் செலவழிக்க வேண்டாம். மாத முடிவில் பற்றுச்சீட்டுகளோடு கணக்கைக் குழுவில் போடுங்கள். நூறு ரூபாய்க் கணக்கு விடுபட்டாலும் சந்தேகம் வளரும், நல்ல குழுக்கள் உடைவது அங்கேதான்.

உயர்தரப் பரீட்சை வருகிறது, இதையெல்லாம் விடு என்கிறார் அம்மா. நான் விலகினால் குழு நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.
*மாணவன், பம்பலப்பிட்டி*

அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் விலகினால் நின்றுவிடும் குழுவில் திருத்த வேண்டியது அந்த அமைப்பைத்தான். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் உயர்தரம் என்றால் மற்றவர் பதினோராம் வகுப்பு அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும், சாதாரண தரப் பரீட்சை வேறு மாதத்தில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாற வேண்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் குழுவின் பெயரில் இருக்கட்டும், உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

பரீட்சைக்கு மூன்று மாதத்துக்கு முன் ஒரு சிஆர் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்: எந்த அலுவலகத்தில் யாரிடம் பேசினோம், அவர் பதவி என்ன, எந்தத் திகதியில் என்ன சொன்னார், எந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அடுத்த மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது. பிறகு வட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒலியை மட்டும் அடக்கி வைத்தால் இரவு பதினொரு மணிக்கும் திறந்து பார்ப்பீர்கள். பரீட்சை முடிந்த கிழமை உங்களைத் திரும்பச் சேர்ப்பது யார் என்பதை இப்போதே பேசி முடிவெடுங்கள்.