கடைப் பெயரைக் காப்பாற்ற எந்தப் பதிவு?

ஹட்டன் வாசகி: மிளகாய்த்தூள், சரக்குத்தூள் அரைத்து பைக்கற்றில் விற்கிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, சான்றிதழை மாட்டியும் வைத்திருக்கிறேன். இப்போது தலவாக்கலையில் ஒருவர் அதே பெயரில் தூள் விற்கிறார். தடுக்கலாமா?

இந்தப் பெயரில் இந்தத் தொழிலை நடத்துவது நீங்கள்தான் என்று மட்டுமே அந்தச் சான்றிதழ் சொல்லும். வங்கிக் கணக்குத் திறக்க உதவும். அடுத்தவரைத் தடுக்க வியாபாரக் குறிப் பதிவு வேண்டும், அதாவது ட்ரேட்மார்க். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் தூள் 30இல் வரும், தேயிலையும் அதில்தான். நாளைக்குச் சாப்பாட்டுக் கடையும் போடுவதாக இருந்தால் 43ஐயும் யோசியுங்கள். விண்ணப்பத்தை ஏற்றால் வர்த்தமானியில் போடுவார்கள். மூன்று மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவு 10 ஆண்டுக்கு, அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

முதலில் அந்த அலுவலகத்தில், இதே போன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு தேடல் செய்து பாருங்கள். பெயர்ப்பலகை, ஸ்டிக்கர் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் பலரும் என்னிடம் வருகிறார்கள்!

தலவாக்கலைக்காரர் முந்திக்கொண்டால்? அவருடைய விண்ணப்பத்தை எதிர்க்கலாம். பதியாத பெயருக்கும் நியாயமற்ற போட்டி என்று வழக்காட இடமுண்டு. ஆனால் சனம் குழம்புகிறது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. பழைய பில் புத்தகங்களை எறிந்துவிடாதீர்கள்.

பண்டாரவளை வாசகர்: என் பேக்கரிப் பெயருக்குப் பதிப்புரிமை எடுக்க எவ்வளவு செலவாகும்?

ஒரு சதமும் ஆகாது, எடுக்கவே முடியாதே! இரண்டு சொல் பெயர் சட்டத்தின் கண்ணில் படைப்பு ஆகாது. கதை, பாட்டு, படம் போன்றவைதான் படைப்பு. அவற்றுக்கும் பதிவு தேவையில்லை, படைத்ததுமே உரிமை வந்துவிடும். பெயருக்கு, மேலே சொன்ன வழிதான்.

நாவலப்பிட்டி வாசகர்: ஊர்த் தம்பி ஒருவர் லோகோ வரைந்து தந்தார், காசும் கொடுத்தேன். வேனிலும் அதை அடித்ததும், "படம் என்னுடையது, இன்னும் தாங்க" என்கிறார்.

கோபப்படாதீர்கள், அவர் பேச்சில் சட்டம் இருக்கிறது. பெயர் உங்களுடையது, படம் இன்னும் அவருடையதாக இருக்கலாம். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவரென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பொருளாதார உரிமை, அதாவது படத்தை அச்சடித்துப் பயன்படுத்தும் உரிமை, முதலாளிக்கே. வெளியிலிருந்து வரைந்து கொடுத்தவரென்றால் உரிமை அவரிடமே நிற்கும். எழுத்தில் மாற்றி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே அண்ணா"வை நம்பி இருக்காதீர்கள். கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாவது ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். லோகோவைக் குறியாகப் பதியுமுன் இதை முடித்துவிடுவது நல்லது.

நுவரெலியா வாசகர்: "நுவரெலியா டீ" என்றே பதியலாமா? சிங்கமும் போட ஆசை.

கொழுந்து விளைந்த ஊரைச் சொல்லும் வெறும் பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கே உரிய ஒரு சொல்லைத் தேடுங்கள். சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையின் குறி. இங்கேயே பொதிசெய்த, கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு, அனுமதியோடுதான் போடலாம்.

பதுளை வாசகி: குறியைப் பதிந்துவிட்டேன், தொழிலை இன்னும் தொடங்கவில்லை. பெயர் அப்படியே இருக்கும்தானே?

தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 5 ஆண்டு பாவிக்காவிட்டால், அதை நீக்கச் சொல்லி இன்னொருவர் நீதிமன்றம் போகலாம். சின்ன அளவிலாவது விற்கத் தொடங்குங்கள்.