தாங்கி பெரிதானால் அமுக்கம் கூடுமா?

கேள்வி: பன்னிரண்டடி உயரமான கொங்கிறீட் மேடையில் 500 லீற்றர் தாங்கி வைத்துள்ளோம். காலையில் தாங்கியை நிரப்பியதும் சலவை இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது; பின்னேரம் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடுகிறது. கையேட்டில் 0.03 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்றுள்ளது; மோட்டர் கடையில் பிஎஸ்ஐ என்கிறார்கள். 1000 லீற்றர் தாங்கி வாங்கச் சொல்கிறார் பிளம்பர். வாங்கலாமா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: வாங்க வேண்டாம். குழாயில் கிடைக்கும் அமுக்கத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவன்று, நீர்மட்டத்துக்கும் இயந்திரத்தின் நுழைவாய்க்கும் இடையிலான உயரமே. ஆகவே அகலம் மட்டும் கூடிய தாங்கியால் அமுக்கம் கூடாது. மட்டம் இறங்குவது தாமதமாகும், அவ்வளவுதான்.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை செங்குத்தாகத் தாக்கினால் அது ஒரு பாஸ்கல். இது மிகச் சிறிய அலகு என்பதால் ஆயிரம் பாஸ்கலைக் கிலோபாஸ்கல் என்றும், பத்து இலட்சம் பாஸ்கலை மெகாபாஸ்கல் என்றும் குறிக்கிறோம். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அலகு). நமக்கு வேண்டிய கணக்கு ஒன்றுதான்: ஓரடி உயரத் தண்ணீர் ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் அமுக்கம் தரும்.

உங்கள் இயந்திரத்தின் நுழைவாய் தரையிலிருந்து மூன்றடியில் இருக்குமானால், தாங்கி வற்றும் தறுவாயில் உயர வித்தியாசம் ஒன்பதடி. கிடைப்பது சுமார் 27 கிலோபாஸ்கல். தேவையோ குறைந்தது 30 (கையேட்டின் 0.03 மெகாபாஸ்கல்). தாங்கியில் மூன்றடி தண்ணீர் நிற்கும்போது அதே இடத்தில் 36 கிடைப்பதால்தான் காலையில் சிக்கல் தெரிவதில்லை. தண்ணீர் ஓடும்போது ஒடுங்கிய குழாயும் வளைவுகளும் இதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால், மேடையை ஓரடி மட்டும் உயர்த்துவது போதாது, மூன்றடியாவது உயர்த்துங்கள். அதற்கு முன், நுழைவாயில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். கரையோரக் கிணற்று மணல் அதில் அடைத்திருந்தால் எந்த உயரமும் உதவாது.

மேடையை உயர்த்த முடியாவிட்டால், தாங்கிக்குக் கீழே அமுக்கத்தைக் கூட்டும் சிறிய பூஸ்டர் மோட்டர் பொருத்தலாம். கடைக்காரர் 15 பிஎஸ்ஐ என்றால் அது ஏறத்தாழ 103 கிலோபாஸ்கல்; கையேட்டின் மேல் எல்லையான 800 கிலோபாஸ்கலுக்கு வெகு கீழே இருப்பதால் இயந்திரத்துக்கு ஆபத்தில்லை. மாரியில் வானொலி சொல்லும் தாழமுக்கத்தை இதனுடன் சேர்க்க வேண்டாம்: வளிமண்டலம் தாங்கியின் மேற்பரப்பையும் குழாயின் வாயையும் ஒரே அளவில் அமுக்குவதால், அது குறைந்தாலும் உங்கள் கணக்கு மாறாது.