கிளப், ஹோட்டல் மேடையில் ஆடுகிறவர்களுக்கு: சம்பளம், ஈ.பி.எஃப், பாதுகாப்பு (கேள்வி பதில்)

நுவரெலியா சீசன் மேடை, கண்டி ஹோட்டல், கொழும்பு நைட் கிளப் என்று ஆடப் போகும் மலையகப் பிள்ளைகளிடமிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அக்கா, ஒரு கிளப்பில ஏழு மாசமா ஆடுறேன். "நீ ஃப்ரீலான்ஸ், ஈ.பி.எஃப் இல்ல"ன்னு எழுதி சைன் வாங்கிட்டாங்க. இனி ஒன்னும் கேக்க முடியாதா? (ஹட்டன்)

கேட்கலாம் தங்கச்சி. பேப்பரில் என்ன பெயர் போட்டார்கள் என்பதை வைத்து முடிவாவதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடுக்க வேண்டும், எந்தப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்று சொல்வது யார்? லீவு கேட்பது யாரிடம்? வேறு கிளப்பில் ஆட விடுகிறார்களா? எல்லாவற்றுக்கும் பதில் மேனேஜர்தான் என்றால் நீங்கள் ஊழியர்.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் (ஈ.பி.எஃப்) சட்டம் நாட்சம்பளக்காரருக்கும் தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். சம்பளம் 40,000 ரூபா என்றால் உங்களிடம் 8 வீதம், அதாவது 3,200 பிடிக்கலாம். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம், 4,800 போட வேண்டும். ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், 1,200. அதுவும் அவர் பணம். இருபது வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்துவிட்டு "கட்டிவிட்டோம்" என்பார்கள். அது களவு.

முறைப்பாடு தோற்பது பெரும்பாலும் சட்டம் இல்லாததால் அல்ல, கையில் ஒன்றும் இல்லாததால். வட்ஸ்அப்பில் வரும் டியூட்டி லிஸ்ட், பணம் போட்ட ஸ்லிப், உங்கள் படம் உள்ள போஸ்டர் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வாய் திறந்ததும் முதலில் குரூப்பிலிருந்துதான் தூக்குவார்கள். கொப்பி ஒன்றில் திகதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய காசு நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். பிறகு யோசித்து எழுதிய கொப்பி பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இவற்றோடு உங்கள் பகுதித் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். காசும் வேண்டாம், லோயரும் வேண்டாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதியதன் பிரதியில் சீல் வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.

ராத்திரி 8 மணியிலிருந்து காலை 5 வரை நிக்க வைக்கிறாங்க. ஆடுறது நாலு தடவதான், அதுக்கு மட்டுந்தான் காசு.

இருக்கச் சொன்ன நேரம் முழுவதும் வேலை நேரமே, உடுப்பு மாற்றும் அறையில் காத்திருந்தாலும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஓ.டி., ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு உரியது வரும். 30,000க்கு 125 ரூபா, ஓ.டி. 187.50. தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000. டிப்ஸைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

வரும்போது 75,000 அட்வான்ஸ் குடுத்தாங்க. முடிக்காம போகக் கூடாதுன்னு ஐ.டி.யை எடுத்து வச்சிருக்காங்க.

கடன் கடன்தான், ஆனால் அது வசூலிக்கிற விஷயம். ஆளைப் பிடித்து வைக்க உரிமை தராது. கடனுக்காகக் கட்டாய வேலை வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 358ஏ பிரிவில் குற்றம். ஐ.டி.யைத் திருப்பிக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், அதுவே சாட்சியாகும். வெளியேற விடாவிட்டால் பொலிஸுக்கு 119, அல்லது பெண்களுக்கான உதவி எண் 1938. அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று மாதாமாதம் எழுத்தில் வாங்காதவர்களின் கடன்தான் குறையவே குறையாது.

கஸ்டமர் மேசையில போய் உக்காரச் சொல்றாங்க. தொட்டாலும் பொறுத்துக்கணுமாம்.

ஆட ஒத்துக்கொண்டது தொட ஒத்துக்கொண்டதாகாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுப்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை. தொட்டவர் மட்டுமல்ல, வேலையில் அதிகாரம் உள்ளவர் செய்தாலும் குற்றம். சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்துவிடும். அதனால் திகதி, நேரம், மேசை எண் போட்டு, பதிவை வைத்திருக்கும்படி மேனேஜருக்கு அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

ரெய்ட் வந்தா?

ஆடுவது குற்றமில்லை. ஆனால் பழைய அலைந்து திரிவோர் சட்டத்தையும், 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிச் சட்டத்தையும் காட்டி எல்லோரையும் ஒரே ஜீப்பில் ஏற்றுவது நடக்கிறது. கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள். பெண்ணைச் சோதிப்பது பெண்ணாக இருக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். மலையகப் பிள்ளைகள் பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். லோயருக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஏப்ரல் சீசனுக்கு எங்க டான்ஸ் குரூப்ப நுவரெலியாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன பார்க்கணும்? (தம்பி ஒருவர், பதுளை)

நீங்கள் நிஜமாகவே கொன்ட்ராக்ட்காரர், தம்பி. எனவே எல்லாம் எழுத்தில்: எத்தனை ஆட்டம், எத்தனை நிமிடம், பாதிப் பணம் முன்னால், மழையால் நின்றால் எவ்வளவு, திரும்பி வர வாகனம் யாருடையது. பெண்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும்.

மேடைதான் பெரிய ஆபத்து. அங்கே ஏப்ரல் இரவிலும் 15 பாகைக்குக் கீழே இறங்கும். குளிர்ந்த தசையோடு குதித்தால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, ஏறும் வரை ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பலகை மேல் ஃப்ளெக்ஸ் விரித்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பனி பட்டால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். புகை மெஷின் பக்கத்துத் தரையிலும் வழுக்கும் படலம் படியும், ஆட்டத்துக்கு ஆட்டம் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

குரூப்பில் மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறவர் விழுந்தால் நட்டஈட்டுக்கு நீங்கள்தான் முதலாளி. ஆஸ்பத்திரியில் "வேலையில் விழுந்தேன்" என்று சொன்னால்தான் அப்படிப் பதிவாகும். "வீட்டில் வழுக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுவது கஷ்டம்.

வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. எவ்வளவு நாளுக்குள்ள போகணும்?

வேலை நீக்க முறைப்பாட்டை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, நிப்பாட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று மேனேஜர் இழுப்பதற்குக் காரணம் அதுதான்.

டுபாயில டான்ஸ் வேலை, விசிட் விசாவில வரச் சொல்றாங்க.

வேண்டாம். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர எண்ணை வாங்கி 1989க்கு அழைத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எங்களுக்கெல்லாம் சங்கம் வைக்க முடியுமா அக்கா?

ஏழு பேர் சேர்ந்தால் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் பதியலாம். 2023இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கிளப்பின் ஆட்டக்காரிகள் நடிகர் சங்கத்தோடு சேர்ந்து வாக்கெடுப்பில் வென்றார்கள். அவர்களின் முதல் குறைகளும் சம்பளத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றியவைதான். அடுத்த வருடம் வொஷிங்டன் மாநிலம் ஆட்டக்காரிகளிடம் கிளப் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்து, ஆபத்தில் உதவிக்கு அழுத்தும் பொத்தானையும் கட்டாயமாக்கியது. இங்கே ஒரே கிளப்பில் ஏழு பேரைத் தேடி நிற்க வேண்டாம். வேறு வேறு கிளப்பில் ஆடுகிறவர்களும் சேரலாம், அப்படிச் சேர்ந்தால் ஒரு முதலாளி எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது.