கரண்ட் போனால் நாஸ் தானாக அணைய எந்த யூபிஎஸ் வாங்குவது?

கேள்வி: இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருக்கிறேன், ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல்). கரண்ட் போய் வந்த பிறகு இரண்டு தடவை 'முறையாக அணைக்கப்படவில்லை' என்று எச்சரிக்கை காட்டியது. ஒரு யூபிஎஸ் வாங்கி மாட்டினால் போதுமா? எத்தனை விஏ (யூபிஎஸ்ஸின் திறன் அளவு) தேவை?

பதில்: விஏவை அப்புறம் பார்ப்போம். முதலில் யூபிஎஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், தகவல் அனுப்பும் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று. அது இல்லாத யூபிஎஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கரண்ட் போன விஷயம் நாஸுக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி தீரும் வரை ஓடிவிட்டு அதே பழைய மாதிரி பொத்தென்று அணையும், பத்து நிமிஷம் தள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். சில மாடல்களில் உள்ள யூஎஸ்பி போன் சார்ஜ் செய்ய மட்டும்தான், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் நாஸ் நிறுவனத்தின் பொருந்தும் சாதனங்கள் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

ரெய்டு இதற்கு உதவாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் மின்சாரம் இழக்கின்றன, பாதி எழுதியது இரண்டிலும் பாதிதான்.

விஏ என்றால், இரண்டு டிஸ்க் நாஸ் சாதாரணமாக 20, 30 வாட் அளவில்தான் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் வாட் கணக்கில் பெரும்பாலும் 360 தருவது, தாராளமாகப் போதும். நாஸை மணிக்கணக்கில் ஓட்டுவது அல்ல நோக்கம், ஒழுங்காக அணைய நேரம் கொடுப்பதுதான்.

யூஎஸ்பி கேபிளை நாஸில் மாட்டியதும் அதன் அமைப்பில் யூபிஎஸ் பகுதிக்குப் போங்கள் (சினாலஜி நிறுவன நாஸில் கன்ட்ரோல் பேனலில் ஹார்ட்வேர், பவர் பகுதிக்குள் இருக்கும்). பேட்டரி குறையும் வரை காத்திரு என்ற தேர்வை நான் நம்புவதில்லை. பழைய பேட்டரி 40 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே திடீரென்று படுத்துவிடும். கரண்ட் போய் 3 அல்லது 5 நிமிஷத்தில் அணை என்று வையுங்கள், சின்னச் சின்னத் தடைகளுக்கு அணையாது, பேட்டரியிலும் மிச்சம் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. நாஸ் அணைந்துவிட்டது, ஆனால் யூபிஎஸ் இன்னும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதற்குள் கரண்டும் வந்துவிட்டது. நாஸைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை, அதனால் திரும்ப எழாமல் அப்படியே கிடக்கும். நீங்கள் வெளியூரில் இருந்தால் தலைவலிதான். நாஸ் அணைந்த பிறகு யூபிஎஸ்ஸையும் அணைக்கும் தேர்வு இருந்தால் போடுங்கள், கூடவே மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கும் தேர்வையும்.

கேள்வி: அதே யூபிஎஸ்ஸில் ஒரு கணினியும் இருக்கிறது. யூஎஸ்பி ஒன்றுதானே?

பதில்: யூஎஸ்பியை நாஸுக்கே கொடுங்கள். அது நெட்வொர்க் வழியாகச் செய்தியைக் கடத்தும், அதற்கான இலவச மென்பொருள் 'நட்', 3493 என்ற நெட்வொர்க் போர்ட்டில் பேசும். கணினியில் அதன் கிளையன்ட்டை (செய்தியைக் கேட்டுக் கணினியை அணைக்கும் பகுதி) போட்டு, கணினியின் ஐபி முகவரியை நாஸில் அனுமதித்தால் முடிந்தது. ஆனால் ரவுட்டரும் நெட்வொர்க் ஸ்விட்சும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போன நொடியில் செய்தி போக வழியே இருக்காது. கணினி இழுக்கும் வாட்டையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், 600 விஏ போதாமல் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் முக்கியமான வேலை எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து சோதியுங்கள். சுவரில் யூபிஎஸ் செருகியிருக்கும் ஸ்விட்சை அணையுங்கள், நாஸின் வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். நாஸ் தானாக அணைந்து, ஸ்விட்சைப் போட்டதும் எழுந்தால் சரி. ஈய-அமில பேட்டரி 3 முதல் 5 வருஷத்தில் ஓய்ந்துவிடும், வாங்கும்போதே அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்டு வையுங்கள்.