கேட்டு நிற்றல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. மூன்று வருடமாக ஒழுங்கான தூக்கம் இல்லை. படுத்தால் பன்னிரண்டு மணிவரை புரண்டுகொண்டிருப்பேன். எப்படியோ கண்ணயர்ந்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஃபோனில் எதையாவது வாசிப்பது பழக்கமாகிவிட்டது. விநோதமான அனுபவங்களாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். பதினோரு நாள் தூங்காமல் இருந்த ஒரு பையன், எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சீனாவுக்குப் போய் குங்ஃபூ கற்றவர்கள், லிஃப்ட் கேட்டே கண்டங்களைக் கடந்தவர்கள். வாசிக்க வாசிக்க, என் வாழ்க்கையில் எதுவுமே நடக்கவில்லை என்ற ஏக்கம்தான் வருகிறது. தூங்காமல் இருப்பது எனக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்று, அதையே எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

தூக்கமே வராமல் செத்துப்போகும் நோய் ஒன்று உண்டு என்றும் படித்தேன். அன்றிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது.

நீங்கள் இளமையில் லிஃப்ட் கேட்டு நிறையச் சுற்றியதாகவும், பிறகு தாய்ச்சி என்ற மெதுவான சீனக் கலையைப் பழகியதாகவும் ஓர் உரையில் சொன்னீர்கள். குங்ஃபூவே போதிதர்மர் கொடுத்ததுதான் என்கிறார்களே, அது உண்மையா? இவற்றில் எது ஒரு மனிதனை நிஜமாகவே மாற்றும்?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அதிகாலை 3.40. கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அந்த நேரத்தைத்தான் பார்த்தேன். எனக்கும் அந்த நேரத்தோடு நீண்ட பழக்கம் உண்டு. அதனால் முதலில் பயத்தை ஒதுக்கிவிடுகிறேன்.

நீங்கள் படித்த நோய் உண்மையானது. 1986இல் இத்தாலியில் எலியோ லுகரேசியும் அவருடைய குழுவினரும் அதை விவரித்தார்கள். பிரையான் என்ற புரதம் உருக்குலைந்து மூளையின் தலாமஸ் பகுதியை அழிப்பதால் வருவது. பெரும்பாலும் பரம்பரை வழியில், உலகெங்கும் சில பத்துக் குடும்பங்களில் மட்டுமே காணப்படுவது. அது வந்தவர்கள் உங்களைப்போல மூன்று வருடம் அலுவலகம் போய்க்கொண்டு, இப்படிக் கோர்வையாகக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க மாட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது கோடிக்கணக்கானவர்களுக்கு வரும் சாதாரணத் தூக்கமின்மை. சாதாரணம் என்றாலும் அது எப்படி வதைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து அந்தப் பையன். அவர் பெயர் ராண்டி கார்ட்னர். சான் டியேகோவில் பள்ளி மாணவர், வயது 17. 1963 டிசம்பர் கடைசியில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக விழித்திருக்கத் தொடங்கினார். கூடப் படித்த இரண்டு நண்பர்கள் மாறி மாறிக் காவல். செய்தி பரவியதும் வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆய்வாளர் வந்து சேர்ந்துகொண்டார். மொத்தம் 264 மணி நேரம். இவ்வளவும் எல்லாரும் எழுதுவது. எனக்கு மறக்காமல் நிற்பது வேறு ஒரு காட்சி. பதினோராம் நாள் அவரிடம் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார்கள். 93, 86, 79, 72, 65. அதோடு நின்றுவிடுகிறார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்கிறார். அதற்கு முன்பே, நான்காம் நாள் வாக்கில், தெருவில் நட்டிருந்த பெயர்ப்பலகை அவருக்கு மனிதனாகத் தெரிந்திருக்கிறது.

அதன்பின் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் தூங்கி எழுந்தார், நன்றாகவே இருந்தார். ஆனால் முதுமையை நெருங்கும்போது, தூக்கம் வராமல் பல வருடம் அவதிப்பட்டதாக அவரே 2017இல் ஒரு வானொலி நேர்காணலில் சொன்னார். சிறுவயதில் செய்ததன் வினைப்பயன் இது என்று அவர் மனம் நம்பியது. அப்படி ஒரு தொடர்பு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கத்தை வென்றதாக உலகம் கொண்டாடிய ஒருவர், கடைசியில் அதே தூக்கத்துக்காக இரவெல்லாம் காத்துக் கிடந்தார் என்பது என்னை உலுக்குகிறது. கின்னஸ்காரர்களும் இந்தச் சாதனையைப் பதிவுசெய்வதைப் பிற்காலத்தில் நிறுத்திவிட்டார்கள், ஆபத்து என்று. தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 17 மணி நேரத்துக்கும் மேல் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய கவனம் அளவுக்குச் சரிந்துவிடும். ஒரே ஒரு நீண்ட நாள் போதும் அதற்கு.

போதிதர்மர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலருக்கு மனவருத்தம் வருகிறது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள, குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடம் 495இல் இன்னொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. வரலாற்றாய்வாளர்கள் அந்தத் தொடர்பை ஏற்பதில்லை. அவர் தியான மரபின் பேராசான். அவருக்கு அந்தப் பெருமை போதும், சண்டைக் கலையின் பெருமையும் சேர வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இனி தாய்ச்சி. குங்ஃபூ என்ற சொல்லுக்குச் சீனத்தில் அடிப்படைப் பொருள் சண்டை அல்ல. காலமும் உழைப்பும் சேர்ந்து ஒருவரிடம் படிந்த திறன், அவ்வளவுதான். நன்றாகச் சமைப்பவரிடமும் குங்ஃபூ உண்டு. தாய்ச்சி அதே ஹெனானில், சென் குடும்பத்தாரின் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவானதாகச் சொல்வார்கள். இன்று பூங்காக்களில் முதியவர்கள் செய்யும் 24 அசைவுகள் கொண்ட வடிவம் 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கித் தொகுத்தது.

நான் கற்கப் போனது தூக்கத்துக்காகத்தான். முதல் நான்கு மாதம் நிற்க மட்டும் சொன்னார் ஆசிரியர். முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு பெரிய பானையை அணைத்திருப்பதுபோலக் கைகளை வைத்துக்கொண்டு, அசையாமல். ஐந்தாம் நிமிடம் தொடை நடுங்கும். எட்டாம் நிமிடம் தோள் தானாகக் காது வரைக்கும் ஏறியிருக்கும். ஆசிரியர் பின்னால் வந்து ஒரு விரலால் தோளைத் தொடுவார். அது கீழே இறங்கும்போதுதான், இத்தனை நேரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியும். இப்படித் தளர விடுவதை அவர்கள் சோங் என்கிறார்கள். துவண்டு போவது வேறு, இது வேறு. எலும்பு நிற்கிறது, தசை விட்டுவிடுகிறது.

பிறகு தள்ளுகைப் பயிற்சி. ஆசிரியர் எதிரில் நின்று தன் மணிக்கட்டின் புறத்தை என் மணிக்கட்டின் புறத்தில் வைத்தார். நடுவில் ஒரு தாளைச் செருகினால் நழுவி விழாத அளவு அழுத்தம், அதற்குமேல் இல்லை. "தள்ளுங்க" என்றார். தள்ளினேன். தள்ளிய இடத்தில் அவர் இல்லை. கை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் எதிர்ப்பு எதுவும் இல்லை. படியில்லாத இடத்தில் கால் வைத்தவன்போல நானே முன்னால் சரிந்தேன். இன்னும் பலமாகத் தள்ளினேன், இன்னும் வேகமாகச் சரிந்தேன். பத்து முறைக்குப் பிறகு அவர் சொன்னார்: "கையால தள்ளாதீங்க. முதல்ல கையால கேளுங்க."

அதற்கு அவர்கள் மரபிலேயே பெயர் உண்டு. திங் ஜின். திங் என்றால் கேட்பது. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, அடுத்து எங்கே போகப்போகிறது என்பதைத் தோலால் கேட்பது. நம் உடம்பு இறுகியிருந்தால் நம்முடைய இறுக்கம்தான் கேட்கும், அவருடையது கேட்காது.

அன்று இரவு படுக்கையில் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் நான் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வா, வா, நாளை வேலை இருக்கிறது, இன்னும் ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது, இன்னும் நான்கு. விக்டர் ஃபிராங்க்ல் என்ற வியன்னா மனநல மருத்துவர் இதை அறிந்திருந்தார். தூக்கம் வராதவர்களிடம், தூங்க முயலாதீர்கள், முடிந்தவரை விழித்திருக்கப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவார். முயற்சி விலகியதும் தூக்கம் தானே வந்துவிடும். தாய்ச்சி தூக்கத்துக்கு உதவுமா என்று ஆய்வும் செய்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, தூக்கமில்லாத 90 பெண்களை வைத்துக் கலிஃபோர்னியாவில் மைக்கேல் இர்வின் குழு செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தூக்கமின்மைக்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சைக்குத் தாய்ச்சி பின்தங்கவில்லை என்று அதில் தெரிந்தது. நானாக இருந்தால் இரண்டையும் செய்வேன்.

லிஃப்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குப் பேச அதிகம் இருக்கிறது.

நம் மொழியில் இதை லிஃப்ட் கேட்பது என்கிறோம். ஆசிரியர் சொன்னதும் கேட்பது, சாலையோரத்தில் செய்வதும் கேட்பது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. வேண்டுவதும் செவிகொடுப்பதும் ஒரே வேலை. கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பவன் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். வண்டி வேகம் குறைக்கும் இடமாகப் பார்த்து, ஓரங்கட்ட வசதியாக, முகம் தெரியும்படி நிற்கலாம். நிறுத்துவது ஓட்டுபவர் கையில். நூறு வண்டி போகும். ஒவ்வொன்றும் உங்களை நிராகரித்துவிட்டுத்தான் போகிறது, நூற்றொன்றாவது வண்டியைப் பார்க்கும்போது அந்த நூறின் கசப்பு உங்கள் முகத்தில் இருக்கக் கூடாது. எனக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இன்னும் அமையவில்லை. பெண்களுக்கு இதில் உள்ள ஆபத்து என்னைப் போன்றவர்களுக்கு இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கிடைத்த சுதந்திரம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

இதை ஓர் அரசே ஏற்று நடத்தியதும் உண்டு. போலந்தில் 1957இல் தொடங்கி 1995வரை. பயணியிடம் சீட்டுகள் அடங்கிய சிறு புத்தகம் இருக்கும். ஏற்றிக்கொண்ட ஓட்டுநருக்குத் தூரத்துக்கேற்பச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். நிறையச் சீட்டுச் சேர்த்த ஓட்டுநர்களுக்குப் பரிசு. கியூபாவில், சோவியத் ஒன்றியம் உடைந்து பெட்ரோல் வற்றிப்போன 1990களில், மஞ்சள் சீருடை அணிந்த அலுவலர்கள் சாலையில் நின்று, காலி இருக்கையோடு வரும் அரசு வண்டிகளை மறித்து ஆளேற்றினார்கள். 2014இல் கனடாவில் ஹிட்ச்பாட் என்ற ஒரு பொம்மை இயந்திரம் ஹாலிஃபாக்ஸிலிருந்து விக்டோரியாவரை, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, லிஃப்டிலேயே போய்ச் சேர்ந்தது. வாளி உடம்பு, மஞ்சள் பூட்ஸ். அதற்கு நடக்கத் தெரியாது, கொஞ்சம் பேசவும் கேட்கவும் மட்டும் தெரியும். அறிமுகமே இல்லாதவர்கள் அதைத் தூக்கி வண்டியில் வைத்து, பெல்ட் மாட்டிக் கூட்டிப் போனார்கள். மறு வருடம் அமெரிக்காவில் அதே பயணத்தைத் தொடங்கியபோது, இரண்டே வாரத்தில் ஃபிலடெல்ஃபியாவில் யாரோ அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது ஓர் ஆளே செத்ததுபோல எனக்கு இருந்தது. கேட்டு நிற்பவருக்கு இது இரண்டும் நடக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. நான்கு இரவு சரியாகத் தூங்காத நிலையில், நள்ளிரவு தாண்டி ஒரு லாரி நின்றது. ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் சொன்னார்: "பேச்சுத்துணைக்குத்தான் ஏத்துறேன் தம்பி. தூங்கிரக் கூடாது, என்ன?" அதிலென்ன, தூக்கம்தான் நமக்கு வராதே என்று தலையாட்டினேன். அவர் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இஞ்சினின் சூடு கால்வழியாக ஏறியது. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைக் கோடுகள் வந்து வந்து போயின. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

விழித்தபோது சத்தமே இல்லை. லாரி சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நின்றிருந்தது. இண்டிகேட்டர் மட்டும் டிக், டிக் என்று எரிந்து அணைந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்கப் பனி. வெளியே வெளுத்திருந்தது. கொடுத்த ஒரே வேலையையும் செய்யவில்லையே என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அசந்து தூங்குனதப் பாத்ததும் எனக்கும் தாங்கல. சரின்னு ஓரங்கட்டிட்டேன்" என்றார். அந்த நான்கு மணி நேரத்தைப் போன்ற தூக்கம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் சில முறைதான் வாய்த்திருக்கிறது. அதை நான் கேட்கவேயில்லை.

எது மனிதனை மாற்றும் என்று கேட்டிருந்தீர்கள். வெறியோடு தேடிப்போனால் எதுவும் மாற்றாது என்று நினைக்கிறேன். சீனாவுக்குப் போனாலும் நீங்கள் தள்ளிக்கொண்டேதான் இருப்பீர்கள். முதலில் ஒரு நல்ல தூக்க மருத்துவரைப் பாருங்கள், மூன்று வருடம் மிக அதிகம். எப்போது தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மறுபடி கண் சொக்கவில்லை என்றால் படுக்கையில் கிடக்காதீர்கள். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். விடிந்ததும் பத்து நிமிடம், மேலே சொன்னபடி, பானையை அணைத்ததுபோல நின்று பாருங்கள். தோள் எங்கே ஏறுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். பகலில் எழுதுங்கள்.

அன்புடன்.